நாலு படி சாமை

“குழந்தை எத்தனை மணிக்குப் பொறந்தது?” என்று டாக்டர் ஷோபனா கேட்டபோது கோகிலவாணி யோசிக்கவே இல்லை.

“ஒன்பதரைக்கு மேடம்.”

“நல்லாத் தெரியுமா?”

“புள்ள என் கையில வுழறதுக்கும் கீழ வளைவுல வண்டி ஹாரன் அடிக்கறதுக்கும் சரியா இருந்திச்சி மேடம். ஒன்பதரை வண்டி.”

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று நாற்பது. கேஸ் ஷீட்டில் ஒன்பதரை என்று எழுதினார். பக்கத்தில் ஏதோ கூட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். ஏதோ கைவிட்டுப் போய்விட்டது என்று கோகிலவாணிக்குப் புரிந்தது. என்னவென்றுதான் புரியவில்லை.

வேங்கக்கொல்லைக்காரர்களுக்கு அந்த வண்டிதான் மணி. முப்பத்தெட்டு வீட்டில் கடிகாரம் மாட்டாத வீடு கிடையாது. ஓடுகிற கடிகாரம்தான் கிடையாது. திருப்பத்தூரிலிருந்து மலையேறி ஜமுனாமரத்தூர் போகிற பஸ், ஊருக்குக் கீழே கொண்டையூசி வளைவில் நீளமாக ஒரு ஹாரன் அடிக்கும். அது கேட்டால் ஒன்பதரை. களை வெட்டுகிறவர்கள் கூழ் குடிக்க உட்காருவதும், சர்க்கரைக்காரர்கள் மாத்திரை போடுவதும், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் முதல் வெற்றிலை போடுவதும் அந்தச் சத்தத்துக்குத்தான். செல்போன் வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. போனில் சார்ஜ் இருந்தால்தானே மணி பார்ப்பதற்கு? அதிலும் இந்த ஐப்பசி மழையில் கம்பி அறுந்து இரண்டு நாளாக ஊரில் கரண்டே இல்லை.

கோகிலவாணிக்கு முப்பத்தொன்பது வயது. புருஷன் செத்த பிறகு தம்பி வெற்றிவேல் வீட்டுக்கே வந்துவிட்டவள். அவள் வந்துதான் அந்த வீடு நிமிர்ந்தது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். வெற்றிவேல் மட்டும் சொல்ல மாட்டான். சொன்னால் அக்காவைப் பிடிக்க முடியாது என்பான். அவன் பெண்டாட்டி அன்பரசிக்கு இது தலைப்பிரசவம். டாக்டர் கொடுத்த தேதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. விடியற்காலையில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது சூட்டு வலி என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் கொடுத்தார்கள். வலி நிற்கவில்லை. மாதையனின் ஜீப்பைக் கூட்டிவர வெற்றிவேல் மேல்காட்டு வழியாக அடுத்த ஊருக்கு நடந்தான். ஜீப் வருவதற்குள் பிள்ளை வந்துவிட்டது.

பெண் பிள்ளை. கழுத்தில் இரண்டு சுற்றுக் கொடி. உடம்பெல்லாம் நீலமாகி, கைகால் தொங்கி, சத்தமே இல்லை. கோகிலவாணி கொடியைத் தலை வழியாகக் கழற்றினாள். வாயில் வாய் வைத்துச் சளியை உறிஞ்சித் துப்பினாள். உள்ளங்காலைச் சுண்டினாள், முதுகைத் துணியால் தேய்த்தாள், மூக்கையும் வாயையும் சேர்த்துத் தன் வாயால் மூடி ஊதினாள். எத்தனை தடவை ஊதினாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு விக்கல் வந்தது. இன்னொன்று வந்தது. அழுகை மட்டும் வரவில்லை.

ஜமுனாமரத்தூரில் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்து, தொண்டையில் குழாய் போட்டு, தாயையும் பிள்ளையையும் 108-ல் ஏற்றிப் போளூர் வழியாகக் கீழே இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வழி முழுக்க கோகிலவாணி ஆம்புலன்ஸ்காரரிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “புள்ளைக்குக் குளுரும்ங்க. இன்னொரு துணி போத்துங்க.”

“உக்காருங்கம்மா,” என்றார் டாக்டர். கதவோரம் நின்ற வெற்றிவேலையும் கூப்பிட்டார். “நேராவே சொல்லிடறேன். பிறக்கும்போது குழந்தைக்கு ஆக்சிஜன் பத்தல. அதனால மூளைக்கு அடி பட்டிருக்கு. இந்த அடி ரெண்டு தடவை விழும். மூச்சு இல்லாதப்போ ஒண்ணு. அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிற மாதிரி இருந்துட்டு ரெண்டாவது ஆரம்பிக்கும். அதுதான் மோசம். நடுவுல இருக்கிற நேரத்துல குழந்தையோட உடம்பைக் குளிர வச்சா, அந்த ரெண்டாவது அடியைக் கொறைக்கலாம்.”

“குளுர வெக்கறதா?” கோகிலவாணி தன் காதையே நம்பவில்லை. “பச்சப் புள்ளையவா?”

“ஆமா. மூணு நாள்.”

மலையில் பிள்ளை பிறந்த வீட்டில் ஒரு மாதத்துக்கு நெருப்புச் சட்டி அணையாது. பிள்ளைக்குக் காற்றுப் படக்கூடாது என்று கதவிடுக்கில் சாக்கை அடைத்து வைக்கிற ஊர்க்காரி அவள். 

“ஆனா பிறந்து ஆறு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும்,” என்றார் டாக்டர். “ஒன்பதரைன்னா மூணரையோட முடிஞ்சு போச்சு. அதுக்கு மேல செஞ்சா பலன் இருக்கும்னு சொல்ல முடியாது. அதுல இருக்கிற ஆபத்து மட்டும் அப்படியே இருக்கும். அதனால இங்க செய்யறதில்ல. மூச்சுக்கும் வலிப்புக்கும் செய்ய வேண்டியதெல்லாம் செய்யறோம்.”

“பத்து நிமிசம்தானே மேடம் தாண்டிச்சி?” என்றான் வெற்றிவேல்.

“மெஷினைத் தயார் பண்ணி ஆரம்பிக்க இன்னும் அரை மணி ஆகும்ப்பா.”

வெளியே வராந்தாவில் வெற்றிவேல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“யக்கா. வூட்டுக்கே தூக்கிட்டுப் போய்டலாம்.”

“இன்னாடா சொல்ற?”

“அவங்களே நேரம் போச்சின்றாங்க. இங்க குழாய மாட்டி, ஊசியக் குத்தி... பாக்கவே முடிலக்கா. போற உசுரு நம்ம வூட்டு நெருப்போரமா போகட்டும்.”

“வாய மூடு. போற உசுரா இருந்தா நான் ஊதுனப்பவே போயிருக்கும். அது இந்த மலைய எறங்கி இங்க வந்து சேந்துருக்கு. நீ என்னடான்னா திரும்பத் தூக்கினு போலான்ற.”

“பொழச்சாலும் எப்படி இருக்குமோ?”

“எப்படி இருந்தாலும் நம்ம புள்ள. நான் பாத்துக்கறேன், நீ ஒண்ணும் பாக்க வேணாம்.”

அவன் அழுதான். கோகிலவாணிக்கு அவன் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டில் எதைக் காட்டுவது என்று தெரியாமல் முந்தானையால் அவன் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டாள். அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வந்தாள். ஆய்வகத்துப் பெண் அபிநயா. மூச்சுமுட்டிப் பிறந்த பிள்ளைகளின் ரத்தத்தில் எந்தெந்தப் பொருள் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று அந்த ஆஸ்பத்திரியில் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். வந்து இறங்கியதுமே பிள்ளையின் குதிகாலில் ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு போனவள் அவள்தான்.

“உங்கள மேடம் கூப்புடறாங்க. ரெண்டு பேரும் வாங்க, சீக்கிரம்.”

டாக்டர் இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை. கையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது.

“கோகிலவாணி, மேட்டுல வெறகுக்கட்டு தூக்கிட்டு மூச்சு வாங்க ஏறினா தொடையெல்லாம் கடுக்குமில்ல? மூச்சு பத்தாம உடம்பு வேலை செய்யும்போது ரத்தத்துல லாக்டேட்னு ஒரு புளிப்பு சேரும். உக்காந்து மூச்சு விட்டா கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். குழந்தைக்கும் அப்படித்தான். இவளுக்கு ஜமுனாமரத்தூர்லயிருந்து நல்லா மூச்சு கிடைச்சுட்டு இருக்கு. ஆறு மணி நேரம் ஆயிருந்தா பாதிக்கு மேல கரைஞ்சிருக்கணும். ஆனா பதிமூணு இருக்கு.”

“அதிகங்களா?”

“ரொம்ப. ரெண்டுல ஒண்ணு. நான் நினைச்சதை விடக் குழந்தைக்கு அடி பலமா இருக்கணும். இல்லைன்னா, நீங்க சொன்ன நேரம் தப்பா இருக்கணும்.”

“மேடம், இதே மாதிரி வந்த மத்த குழந்தைங்களோட நம்பரெல்லாம் பாத்தேன்,” என்றாள் அபிநயா. “நாலு மணி நேரம், நாலரை மணி நேரத்துல வந்த குழந்தைங்களோடதான் இது ஒத்துப் போகுது.”

“ரத்தம் கடிகாரம் இல்ல, அபிநயா. அதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது.” டாக்டர் கோகிலவாணியைப் பார்த்தார். “ஜமுனாமரத்தூர் சீட்டுல பன்னெண்டு மணிக்குச் சேத்ததா இருக்கு. ஜீப்புக்குக் காத்திருந்து லேட்டாயிருக்கும்னு நினைச்சேன். எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?”

“கொடிய அறுத்து, புள்ளையத் தொடச்சி, ரெண்டு துணி சுத்துனேன். ஜீப் வந்துட்டுது.”

“அப்போ மிச்ச நேரம் எங்க போச்சு? காலையில எழுந்ததுலயிருந்து என்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

கோகிலவாணி சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினாள்.

“இருட்டோட எழுந்தேன். சாணி அள்ளுனேன். ஊத்துல ரெண்டு கொடம் தண்ணி எடுத்தாந்தேன். அதுக்குள்ள அன்பரசிக்கு வலி. சீரகம் கொதிக்க வெச்சிக் குடுத்தேன். ஆட்டுக்குத் தழ போட்டேன். வலி நிக்கலன்னதும் இவன ஜீப்புக்கு அனுப்புனேன். அப்பறம் சாமை குத்துனேன்.”

“ஒருத்தி வலியில இருக்கும்போதா?”

“வலி வுட்டு வுட்டுத்தான் வந்திச்சி மேடம். ஒரலு வாசப்படியண்டதான் கீது. அவ கூப்ட்டா ஓடுவேன், வலி நின்னா வந்து குத்துவேன். கை சும்மா இருந்தா பயமா இருக்கும். அதுவுமில்லாம புள்ள பெத்தவளுக்கு மொதச் சோறு புதுச் சாமையிலதான் ஆக்குவோம். நாலு படி குத்திப் பொடச்சி வெச்சிட்டு, அவ பெருசா ஒரு சத்தம் போடவும் ஒலக்கைய அப்பிடியே போட்டுட்டு உள்ள ஓடுனேன்.”

வெற்றிவேல் சட்டென்று திரும்பினான்.

“எத்தினி படி?”

“நாலு.”

“நாலா? தெனம் வண்டி வர்றதுக்குள்ள ரெண்டு படிதானக்கா குத்துவ?”

கோகிலவாணி கண்ணைத் திறந்தாள். ரெண்டு படி குத்தி முடிக்கும்போது கீழே ஹாரன் அடிக்கும். உலக்கையைச் சாத்திவிட்டுக் கூழ் குடிப்பாள். பல வருஷத்துப் பழக்கம் அது. இன்றைக்கு ஹாரன் வரவில்லை. வராததால் கை நிற்கவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். காய்ப்பேறிய இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. இவ்வளவு நேரம் அது எரிந்தது கூட அவளுக்குத் தெரியவில்லை.

“மேடம்,” என்றாள். “வண்டி லேட்டு மேடம். வண்டி இன்னிக்கி லேட்டா வந்துகீது. அவ வலியில ஓடி ஓடி, அதுக்கு நடுவுலயே நாலு படி குத்திட்டேன்னா... பாவி, நான் ஒன்பதரைன்னு சொல்லிட்டேனே!”

“பஸ்ல யாரையாவது தெரியுமா? கேக்க முடியுமா?”

கண்டக்டர் துரைக்கண்ணுவின் நம்பர் இல்லாத போன் அந்த மலையில் கிடையாது. மருந்து, டார்ச் பேட்டரி, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவர் பையில்தான் மலையேறும். ஆம்புலன்ஸில் ஏறியதும் சார்ஜுக்குப் போட்டிருந்த போனை வெற்றிவேல் எடுத்தான். இரண்டு தடவை தப்பாக அழுத்தினான். அபிநயா வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

“துரைக்கண்ணு அண்ணே, நான் வேங்கக்கொல்ல வெற்றிவேலு. இன்னிக்கி காலைல நம்ம வளைவுக்கு எத்தினி மணிக்கு வந்தீங்க?”

“அத ஏம்ப்பா கேக்கற! கீழ ஏழாவது வளைவுல நாவ மரம் ஒண்ணு ரோட்டுக்குக் குறுக்கால சாஞ்சி கெடக்குது. டிரைவரு, நானு, சந்தைக்கு வந்த ஜனம், எல்லாம் கொடுவாள வெச்சி வெட்டித் தள்றதுக்குள்ள இடுப்பே...”

“மணி சொல்லுண்ணே!”

“பதினொண்ணு பத்து. டிப்போல கேப்பாங்கன்னு சீட்டுல எழுதி வெச்சிகிறேன். ஏன், எந்தப் பார்சலு வரலன்னு சண்ட போடறாங்க?”

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு பத்து. கேஸ் ஷீட்டில் ஒன்பதரையை அடித்துவிட்டுப் பதினொன்று பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“அஞ்சு பத்து வரைக்கும் நேரம் இருக்கு. அபிநயா, மெஷினை ஓட விடச் சொல்லு.” பிறகு இவர்கள் பக்கம் திரும்பினார். “கேட்டுக்குங்க. இது செஞ்சா கண்டிப்பா நல்லாயிடும்னு நான் சொல்ல மாட்டேன். செய்யாம விடறதை விட, செஞ்சா வாய்ப்பு கூட. அவ்வளவுதான். அப்பா கையெழுத்துப் போடணும்.”

வெற்றிவேல் பேனாவை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றான். “வெறச்சிப் போய்டும்க்கா. கையில புடிக்கற அளவுதான் கீது.”

“எனக்கும் வயிறு பத்திக்கினுதான் எரியுது,” என்றாள் கோகிலவாணி. “நாம தெரியும்னு சொன்ன நேரம் தப்பாப் போச்சி. அந்தப் பொண்ணு ஒரு சொட்டு ரத்தத்தப் பாத்துட்டு அது இல்லன்னு சொல்லிச்சி. யாரு பேச்சக் கேக்கறது, சொல்லு? நேரம் ஆவுது. போடுடா.”

போட்டான்.

பிள்ளையைச் சுற்றியிருந்த துணி கோகிலவாணியின் பழைய நூல் சேலை. நர்ஸ் அதை அவிழ்க்கப் போனபோது, “நானே எடுக்கறேன் சிஸ்டர்,” என்றாள். கையைக் கழுவச் சொன்னார்கள். கொப்புளத்தில் சோப்பு எரிய எரியக் கழுவிக்கொண்டு வந்து ஒவ்வொரு சுற்றாக எடுத்தாள். சூடு பண்ண வேண்டிய பிள்ளையின் மேலிருந்து தன் கையாலேயே துணியை உருவுகிறோமே என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் நிறுத்தவில்லை. உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓடுகிற மெத்தையில் பிள்ளையைக் கிடத்தினார்கள். நாலு நாற்பதுக்கு மெஷின் திரையில் முப்பத்தாறு என்றிருந்த எண் இறங்க ஆரம்பித்தது. முப்பத்து மூன்றரையில் நின்றது. மூன்று நாளைக்கு அது அங்கேயே நிற்க வேண்டும்.

அந்த மூன்று நாளும் கோகிலவாணி கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் இருந்தாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எண்ணைப் படிக்கத் தெரியும். முப்பத்து மூன்று நாலு என்று காட்டினால் எழுந்துபோய் நர்ஸிடம் சொல்வாள். முப்பத்து மூன்று ஆறு என்றாலும் சொல்வாள். முதல் நாள் நர்ஸுகளுக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டாம் நாள் அவர்களே, “கோகிலாக்கா, எவ்வளவு காட்டுது?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அன்று காலையில் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. ஒரு கையும் உதடும் மட்டும் துடித்தன. ஊசி போட்டதும் அடங்கியது. வெற்றிவேல் அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் ரொம்ப நேரம் வரவில்லை. வரும்போது அக்காவுக்கு இரண்டு இட்லி வாங்கிக்கொண்டு வந்தான்.

“சாப்புடுக்கா. நீ வுழுந்துட்டா யாரு நம்பர் பாக்கறது?” என்றான். வீட்டுக்குத் தூக்கிப் போகலாம் என்ற பேச்சை அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை.

அன்று மத்தியானம் அன்பரசியைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்தார்கள். நிறைய ரத்தம் போயிருந்ததால் அவள் முகம் வெளுத்துக் கிடந்தது. கண்ணாடிக்கு உள்ளே போய், விரலால் பிள்ளையின் பாதத்தைத் தொட்டாள். தொட்டவள் அலறிவிட்டாள்.

“செத்துப் போச்சி! அண்ணி, செத்துப் போனதத்தான் இங்க வெச்சிகிறீங்க! ஐஸாட்டம் கீது!”

“இல்லடி. நெஞ்சப் பாரு, ஏறி எறங்குது பாரு.”

“மெஷினு ஊதுது, அதான் ஏறுது. அம்மா நானு. எனக்குத் தெரியாதா? துணியக் குடுங்க, நான் மடியில வெச்சிக்கறேன். என் சூடு பட்டா முழிச்சிக்கும்.”

“வெக்கக் கூடாது அன்பரசி.”

“நீங்க பெத்திருந்தா இப்பிடிச் சொல்வீங்களா?”

நர்ஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். கோகிலவாணிக்குப் பிள்ளை இல்லை என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். முகத்துக்கு நேராக இதுவரை யாரும் சொன்னதில்லை. அவளுக்கு வலித்தது. ரொம்பவே வலித்தது. ஆனால் அதைப் பார்க்க இது நேரமில்லை என்று ஒதுக்கினாள். நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அன்பரசியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“பெக்கல. அதனாலதான் சொல்ல முடியுது. நீ பெத்தவ, உனுக்குப் பொறுக்காது. உனுக்குப் பதிலா நான் பொறுத்துக்கினு கீறேன். என்ன எவ்ளோ வேணா திட்டு. ஆனா இன்னும் ரெண்டு நாளைக்கி ஒரு கைக்குட்டை கூட இது மேல வுழ வுட மாட்டேன். நீ எழுந்து வந்தாலும் வுட மாட்டேன், உன் புருசன் வந்தாலும் வுட மாட்டேன்.”

அன்பரசி அவள் தலைமேலேயே தன் தலையைச் சாய்த்து அழுதாள். நர்ஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, “அந்த நம்பரு எங்க கீதுன்னு எனுக்கும் காட்டுங்க அண்ணி,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு நாற்பதுக்கு எழுபத்திரண்டு மணி நேரம் முடிந்தது. சூட்டையும் ஒரேயடியாக ஏற்றக் கூடாதாம். மணிக்கு அரை அரையாக ஏற்றினார்கள். அவசரப்பட்டால் மறுபடி வலிப்பு வரும் என்று டாக்டர் சொன்னார். இந்த நிதானம் கோகிலவாணிக்குப் பிடித்திருந்தது. ஈர விறகை அடுப்புக்குள் ஒரேயடியாகத் திணிக்கிறவளைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

திங்கட்கிழமை காலையில் டாக்டர் மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார்.

“மூச்சு தானா எடுக்கறா. குழாயை எடுக்கப் போறோம். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இதோட முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. பால் எப்படிக் குடிக்கறா, எப்போ தலை நிக்குது, எப்போ உக்கார்றா, எல்லாம் பாக்கணும். ரெண்டு வயசு வரைக்கும் நானும் உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது.”

“மாசா மாசம் தூக்கினு வர்றோம் மேடம்,” என்றாள் கோகிலவாணி.

“மலையிலயிருந்து அவ்வளவு தூரம்...”

“வர்றோம் மேடம்.”

நர்ஸ் பிளாஸ்திரியைப் பிரித்துக் குழாயை உருவினாள். பிள்ளை வாயைத் திறந்தது. முகம் சுருங்கியது. ஒன்றும் வரவில்லை. வெற்றிவேல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மறுபடி வாயைத் திறந்தது. முதலில் கரகரவென்று ஒரு காற்று. அதற்குப் பின்னாலேயே, பிறந்த ஐந்தாம் நாள், அந்தப் பிள்ளை அழுதது.

தொண்டை கட்டின, சின்ன அழுகைதான். அடுத்த அறைக்குக் கூடக் கேட்டிருக்காது. ஆனால் அன்பரசி மார்பைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் பிழிந்தும் சொட்டாத பால் ரவிக்கையை நனைத்துக்கொண்டு இறங்கியது.

“அடடா, போதும் போதும்,” என்று நர்ஸ் பிள்ளையைத் தட்டிச் சமாதானப்படுத்தக் குனிந்தாள்.

கோகிலவாணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கொஞ்ச நேரம் அழட்டும் சிஸ்டர்,” என்றாள்.